பார்லி இனிக்கும் ஒரு மணி நேரம்

67 டிகிரி செல்சியஸ். இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த பார்லி மால்ட்டை இந்தச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறி, பானையை மூடி, மேலே ஒரு கம்பளியைச் சுற்றிவிட்டால், உள்ளே நடப்பதற்கு நுழைவுச்சீட்டே போடலாம்! முதலில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தால் வெறும் மாவுக் கஞ்சி. சப்பென்று பல்லில் ஒட்டுகிறது. கால் மணி நேரம் கழித்து அதே பானையிலிருந்து இன்னொரு கரண்டி: நாக்கின் நுனியில் ஓர் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. அரை மணியில் கஞ்சி நீர்த்துவிட்டது. ஒரு மணி முடியும்போது தொண்டை வரைக்கும் தித்திப்பு. நடுவில் யாரும் சர்க்கரை போடவில்லை. தானியம் தன்னைத்தானே சர்க்கரையாக்கிக்கொண்டது.

பியர் குடிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு மணி நேரத்தைக் கண்ணால் கண்டதில்லை. நான் கண்டுவிட்டேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். வாருங்கள், உங்களையும் அந்தச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பானை இருப்பது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில். பானைக்குச் சொந்தக்காரர் எங்கள் ஊர்க்காரர். மலாக்கா மாநிலம், அலோர் காஜா மாவட்டம், மஸ்ஜித் தானா. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். அவரும் போனார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஊரில் கூப்பிடுவது போலவே அண்ணன் என்று எழுதுகிறேன்.

"வா தம்பி, சப்பாத்த கழட்டிட்டு நேரா குசினிக்கு வா. பசியாறிட்டியா? ஆறலன்னா அண்ணி தோசை ஊத்திக் கொடுக்கும். ஆனா ஒரு அடுப்பு மட்டும் எனக்கு வேணும், சொல்லிட்டேன்."

மஸ்ஜித் தானாவிலேயே இந்தப் பானையை ஏற்றாமல் சிங்கப்பூரில் ஏற்றியதற்குக் காரணம் சட்டம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்தக் குடிப்புக்காக வீட்டிலேயே பியர், ஒயின் போன்றவற்றை நொதிக்க வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் உச்சவரம்பு, விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவே கூடாது. அண்ணன் ஒரு தடவைக்கு 10 லிட்டர்தான் செய்கிறார். அந்தச் சின்ன அளவில்தான் இந்தக் கலையின் முழு மகிமையும் இருக்கிறது என்பது அவர் கட்சி. மாலைக்குள் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மேசை மேல் எல்லாம் எடை போட்டுத் தயாராக இருந்தது. வெளிர் பார்லி மால்ட் 2.2 கிலோ, கோதுமை மால்ட் 300 கிராம். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். மொறுமொறுவென்று உடைந்து, மென்றால் பால் மாதிரி ஒரு மாவு இனிப்பு. மால்ட் என்பது வேறொன்றுமில்லை. தானியத்தை ஊறவைத்து, சில நாள் முளைவிட விட்டு, முளை நீள்வதற்குள் சூட்டுக் காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கிற விதை, தன் குருத்துக்குச் சாப்பாடு போட, தன்னிடம் உள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தயார் செய்து வைத்திருக்கிறது. உலர்த்தியதும் அந்த நொதிகள் தூங்கிப்போகின்றன. அண்ணனின் வெந்நீர் அவற்றை எழுப்புகிறது. அவ்வளவுதான் ரகசியம், ஆனால் எவ்வளவு பெரிய ரகசியம்!

நொதிகளில் முக்கியமானவை இரண்டு: ஆல்ஃபா அமிலேஸ், பீட்டா அமிலேஸ். ஆல்ஃபா நீண்ட மாவுச் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டிப்போடும். பீட்டா அதன் முனையிலிருந்து வரிசையாக, ஈஸ்டுக்குப் பிடித்த சின்னச் சர்க்கரைகளாகக் கத்தரிக்கும். பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும், ஆல்ஃபாவுக்கு 70 பக்கம் பிடிக்கும். 67இல் இரண்டும் ஒன்றாக வேலை பார்க்கும். இரண்டு டிகிரி கீழே இறக்கினால் பியர் மெலிந்து, வறண்டு, சுறுசுறுப்பாக வரும். இரண்டு டிகிரி ஏற்றினால் வாயில் கனமாக உட்காரும். சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு தெர்மாமீட்டரை வைத்தே, முடிக்கப்போகும் பியரின் உடம்பை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எழுதும்போதும் அதே கதைதான்.

அண்ணனின் முறையில் பாத்திரங்கள் குறைவு. ஒரே பானை, 20 லிட்டர் பிடிப்பது. அதற்குள் ஒரு நைலான் வலைப் பை, அதற்குள் தானியம். 16 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகச் சுட வைத்து, மால்ட்டைக் கொட்டியதும் சூடு 67க்கு இறங்கி நிற்கும்படி கணக்குப் பண்ணியிருந்தார். கொட்டும்போது கட்டி விழக்கூடாது. ஒருவர் கொட்ட, ஒருவர் கிளற வேண்டும். கிளறும் வேலை எனக்குக் கிடைத்தது. முகத்தில் அடித்த ஆவியில் ஒரு வாசனை. தெரிந்த வாசனை, மிகமிகத் தெரிந்த வாசனை. பத்து விநாடி திகைத்து நின்றேன்.

"மைலோ!" என்று கத்திவிட்டேன்.

"அதேதான்டா!" என்றார் அண்ணன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளில் மைலோ குடிக்காமல் வளர்ந்தவர் யார்? 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் உருவாக்கிய அந்தத் தூளின் அடிப்படையே பார்லி மால்ட் சாறுதான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்துச் சுண்டவைப்பது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நாளில் லாரியிலிருந்து ஊற்றிக் கொடுத்த அந்தச் சின்னக் கோப்பைக்கும் இந்தப் பானைக்கும் முதல் ஒரு மணி நேரம் பொதுவானது. அதன் பிறகுதான் பாதை பிரிகிறது.

மாவு சர்க்கரையாகி முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தட்டில் பானைச் சாறு ஒரு சொட்டு, பக்கத்தில் மருந்துக்கடை ஐயோடின் ஒரு சொட்டு. இரண்டையும் கலக்க வேண்டும். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கருநீலம். தொடங்கிய ஐந்தாவது நிமிடம் போட்ட சொட்டு மை கொட்டிய மாதிரி கறுத்தது. கடைசியில் போட்டது ஐயோடினின் பழுப்பிலேயே நின்றது. மாவு முழுக்கச் சர்க்கரை! அறிவியல் பாடத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் செய்த அதே சோதனை. அன்று மதிப்பெண்ணுக்காகச் செய்தேன். இன்று குதித்துக்கொண்டே செய்தேன். செய்து பார்த்த சொட்டுகளைத் திரும்பப் பானையில் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அண்ணனை நிறுத்தி நானும் ஒரு செய்தி சொன்னேன், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தானியத்தை முளைகட்டிக் கள் செய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று சொல்லும்போது, அங்கே கள் தயாராகும் விதத்தை ஒரு படி விடாமல் எழுதி வைத்திருக்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் நல்ல அடையைக் கலக்கிறார்கள். அந்த அடை என்ன? இடித்த நெல்முளை என்கிறது நச்சினார்க்கினியர் உரை. நெல் மால்ட்! பிறகு இரண்டு பகல், இரண்டு இரவு. வலுவான வாயுள்ள சாடியில் முற்றவிட்டு, வடித்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். முளைத்த தானியம், வெந்த மாவு, காத்திருப்பு, வடிகட்டல். உட்லண்ட்ஸ் சமையலறையில் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்த வரிசை, சங்க காலத்து வலைஞர் குடிசையில் அப்படியே நடந்திருக்கிறது.

"அப்போ நம்ம பாட்டன்லாம் ஆல் கிரெய்ன், அதான் தானியத்துலேருந்தே காய்ச்சுற ஆளுங்களாடா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு கீழ்மாடிவரை கேட்டிருக்கும்.

ஆனால் எங்கள் தோட்டங்களில் ஓடியது தானியக் கள் இல்லை, தென்னங்கள். அதன் கதையே வேறு. பாளையைச் சீவினால் வடியும் நீரிலேயே சர்க்கரை தயாராக இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைச் சும்மா விடுமா? மரத்திலிருந்து இறக்கும்போதே நுரை கட்டத் தொடங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் போதை, மறுநாள் புளிப்பு. மரம் ஏறுபவரின் கைத்திறன் மலையளவு. காய்ச்சுபவர் என்று ஒருவர் அங்கே தேவையே இல்லை. பார்லி அப்படிப்பட்டதல்ல. அதன் சர்க்கரை மாவுக்குள் பூட்டிக்கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கத்தான் முளைகட்டலும், 67 டிகிரியும், கம்பளியும். அண்ணனின் தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடையில் குடித்தவர். பேரன் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டவர்.

பையைத் தூக்கி, சொட்டச் சொட்டப் பிழிந்து, பானையைக் கொதிக்கவிட்டோம். முதல் கொதியில் நுரை விறுவிறுவென்று ஏறி விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். அந்த இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அண்ணியிடம் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது ஃபிரீசர் திறக்கிறது. கெம்போங் மீன் பொட்டலத்துக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவில், காற்றை உறிஞ்சி அடைத்த வெள்ளிநிறப் பைகள். ஹாப்ஸ்! நான் காத்திருந்த கட்டம் இது.

ஹாப்ஸ் ஒரு கொடி, கஞ்சாச் செடியின் குடும்பம். பெண் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புகளின் இதழடியில் மஞ்சள் பொடி ஒன்று ஒட்டியிருக்கும், லூபுலின். பியரின் கசப்பும் வாசனையும் அந்தப் பொடிக்குள்தான். இதை மஸ்ஜித் தானா மண்ணில் நட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் நடக்காது. கோடையில் மிக நீண்ட பகல், குளிர்காலத்தில் நல்ல குளிர், இரண்டும் அதற்கு வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 35 முதல் 55 பாகை தள்ளியிருக்கும் நாடுகளில்தான் அது மனம் வைத்துக் காய்க்கும். நாமோ 2 பாகையில் இருக்கிறோம், வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல். ஆகவே அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கிலும் ஜெர்மனியின் ஹாலர்டாவிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அறுவடையாகி, அரைத்து, சின்ன உருளைகளாக அழுத்தப்பட்டு, உறைந்த நிலையில் வந்து சேர்கிறது.

சிட்ரா என்று எழுதியிருந்த பையை அண்ணன் கத்தரித்து என் மூக்கருகே நீட்டினார். எலுமிச்சைத் தோல், பழுத்த மாம்பழம், பாஷன் பழம், மழைக்குப் பிறகு சவுக்கு மரத்தடி. ஒரு பச்சை உருளைக்குள் இவ்வளவா! காரணம் இருக்கிறது. ஹாப்ஸ் எண்ணெயில் நிறைய இருப்பது மிர்சீன்; மாம்பழத்திலும் செராய்ப் புல்லிலும் இருப்பதும் அதே மிர்சீன். யாக்கிமாவில் விளைந்த கொடி, நம் கொல்லைப்புறத்து வாசனையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு, சமைத்து எறிந்த சக்கையும்கூட.

அதே ஹாப்ஸை எப்போது போடுகிறோம் என்பதில் எல்லாம் தலைகீழாகிறது. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் சுலபத்தில் கரையாதவை. நன்றாகக் கொதித்தால்தான் வடிவம் மாறிக் கரைந்து கசப்பு இறங்கும். ஆகவே மேக்னம் என்ற கசப்பு வகையில் 10 கிராம் மட்டும் கொதியின் தொடக்கத்திலேயே விழுந்தது, ஒரு மணி நேரக் கொதிப்பு. வாசனை எண்ணெய்களோ கொதித்தால் ஆவியோடு பறந்துவிடும். வீடே மணக்கும், பியரில் ஒன்றும் இருக்காது. ஆகவே சிட்ராவும் மொசைக் என்ற இன்னொரு வாசனை வகையும் சேர்த்து 40 கிராம், அடுப்பை அணைத்து, சூடு 80க்கு இறங்கிய பிறகு. அதன் பிறகும் 70 கிராம் மிச்சம் வைத்தார். அது பானைக்கே அல்ல. பியர் நொதித்து அடங்கியபின் குளிர்ந்த நிலையில் அப்படியே உள்ளே போடுவதற்கு. வாய்க்கு முன்னால் மூக்கைப் பிடித்து இழுக்கும் அந்த வாசனை பெரும்பாலும் கடைசியில் போடும் இந்த 70 கிராமின் வேலை. பெரிய ஆலையில் கிலோக் கணக்கில், பணக்கணக்குப் பார்த்துப் போடுவதை, 10 லிட்டர் காய்ச்சுபவர் கை நிறைய அள்ளிப் போடலாம்.

ஆறவைப்பது நம் ஊரில் தனிப் பாடு. செம்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கி, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டார். குளிர்நாட்டில் இதிலேயே இருபது டிகிரிக்கு வந்துவிடுமாம். இங்கே குழாய்த் தண்ணீரே 28க்கு மேல்! பானையின் சூடு 35 அருகே வந்து அப்படியே நின்றுவிட்டது. இனி ஐஸ் தொட்டிதான் என்று நினைத்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"35 போதும் தம்பி. இது நோர்வே ஈஸ்ட்."

குளிருக்குப் பேர்போன நோர்வே நாட்டு ஈஸ்டுக்கு மலாக்கா வெயில் பிடிக்குமாம்! நம்பவில்லை, பிறகு தேடிப் படித்தேன், உண்மை. நோர்வேயின் மேற்குக் கரைப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த க்வேக் என்ற ஈஸ்ட் வகை அது. அந்தப் பண்ணைக்காரர்கள் காய்ச்சிய சாற்றில் உடம்புச் சூட்டிலேயே ஈஸ்டைச் சேர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். மரவளையத்தில் தோய்த்து உலர்த்தி மாட்டி வைப்பார்கள். ஒரு வீட்டில் கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் போய்க் கேட்டு வாங்கிவருவார்கள், நம் வீடுகளில் தயிருக்கு உறை கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது போல. வழக்கமான ஏல் வகைப் பியர் ஈஸ்டுகளை 35 டிகிரியில் விட்டால் தலைவலி தரும் மணங்களோடு பியர் கெட்டுப்போகும். 18, 20 டிகிரியில் பிடித்து வைக்கத் தனிக் குளிர்பெட்டியே வேண்டும். வோஸ் ஊரிலிருந்து வந்த க்வேக் 35இல் பாய்ந்து வேலை பார்த்து, ஆரஞ்சுத் தோல் வாசனையை விட்டுவிட்டு, மூன்றே நாளில் ஏறக்குறைய முடித்துவிடுகிறது. வெப்ப நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

ஈஸ்டைப் போடுவதற்கு முன் ஓர் அளவு. கண்ணாடிக் குழாயில் சாற்றை ஊற்றி, உள்ளே ஒரு மிதவையை இறக்கினார். ஹைட்ரோமீட்டர். மிதந்து, ஆடி, 1.054இல் நின்றது. சர்க்கரை கூடக்கூட மிதவை மேலே நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கியதும் கீழே இறங்கும். 1.012க்கு இறங்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு கணக்குப் போடலாம்: சுமார் ஐந்தரை விழுக்காடு ஆல்கஹால். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் சொன்னார்:

"இத முதல்ல பார்த்தப்ப எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? மெட்ரோலாக்தானேடா இது, இங்க எப்படி வந்துச்சுன்னாரு."

சரிதான்! தோட்டத்தில் வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனால், அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க மிதக்கவிடும் மெட்ரோலாக்கும் இதே தத்துவத்தில் செய்த மிதவைதான். வாழ்நாள் முழுக்கப் பால் வாளியோடு வரிசையில் நின்று, கிராணி அதைப் படிப்பதைப் பார்த்த மனிதருக்கு, மகனின் சமையலறையில் அது என்ன செய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டிலில் அடைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் முக்கால்வாசி கழுவுவதுதான். கொதித்து முடிந்த பிறகு பியரைத் தொடும் எதுவும் கிருமிநீக்கியில் நனையாமல் இருக்கக் கூடாது. சுத்தத்தில் அண்ணன் காட்டும் கண்டிப்பைக் கண்டு அண்ணியே வியக்கிறார். 10 லிட்டருக்கு 65 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால், பாட்டிலுக்குள் அது மறுபடி நொதித்து நுரைக்குக் காற்றைத் தரும். அவசரப்பட்டு, நொதித்து முடியாததை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். மிதவை இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

பிழிந்த தானியச் சக்கை பூச்செடிகளுக்கும், ஒரு பங்கு சப்பாத்தி மாவுக்கும் போகிறது. சப்பாத்தி நன்றாகவே இருந்தது.

ஏற்கெனவே தயாரான ஒரு பாட்டில் எனக்காகக் காத்திருந்தது. மூடியைத் திறந்த சத்தத்தோடு வாசனை அறைக்குள் வந்துவிட்டது. மங்கிய பொன்னிறம், வெள்ளை நுரை. மாம்பழமும் எலுமிச்சைத் தோலும் முதலில். பிறகு மால்ட்டின் மெல்லிய ரொட்டிச் சுவை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் சுத்தமான ஒரு கசப்பு வந்து நின்று, அடுத்த வாயைக் கேட்கிறது. கடையில் வாங்கிய எந்த இறக்குமதி ஐபிஏவும் (இந்தியா பேல் ஏல்) எனக்கு இப்படி மணந்ததில்லை. அவற்றைக் காய்ச்சிய கைகளின் திறமையில் குறை ஒன்றும் கிடையாது. ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுள் குறைவு. பிராணவாயுவும் வெப்பமும் அதற்கு எமன். கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்தால் மாம்பழம் போய், அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும்.

இந்த வகைப் பியரின் சரித்திரத்தை நினைத்தால் இது இன்னும் சுவையாகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு வெளிர் ஏல் அனுப்பியது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் போட்டிக்கு வந்தது. பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம். வழியில் கெடாமல் இருக்கவே ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள், ஏனென்றால் பியரைப் புளிக்கவைக்கும் பல பாக்டீரியாக்களை அது அடக்கும். கசப்பு கடல் தாண்டும், வாசனை தாண்டாது. அவர்கள் கடல் தாண்டுவதற்காகப் போட்டதை, இன்று நாம் வாசனைக்காகப் போடுகிறோம். ஆகவே இன்றைய ஹாப்ஸ் பியருக்குப் பயணமே ஆகாது. காய்ச்சிய வீட்டில், சில வாரங்களுக்குள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குடித்துவிட வேண்டும். 10 லிட்டர் என்பது சுமார் 28 சின்னப் பாட்டில். நண்பர்களோடு பகிர்ந்தால் வாசனை போவதற்குள் தீர்ந்துவிடும். அண்ணன் கட்சி ஜெயித்தது இங்கேதான்.

குடியைப் பற்றி இவ்வளவு குதூகலமாக எழுதும் தோட்டத்துப் பிள்ளை, ஒன்றைச் சொல்லாமல் போவது தவறு. தோட்டத்துக் கள்ளுக்கடை, கையில் வந்த கூலியை அன்றே திரும்ப வாங்கிக்கொண்ட இடம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள், தங்கள் தலைவர் ஆர்.எச்.நாதன் கைதானபோது கொதித்தெழுந்த அதே மக்கள், வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அவர்கள் செய்தது சரி. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மதுவுக்கு 40க்கும் மேற்பட்டோர் பலியானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தானியத்தை நொதிக்கவைப்பதில் அந்த ஆபத்து கிடையாது. ஆனால் சாராயம் வடிப்பது, எந்தக் காரணத்துக்காகவும், வீட்டில் செய்யும் வேலையல்ல. அண்ணன் வார இறுதியில் ஒரு பாட்டில் திறப்பார், சில வாரம் அதுவும் இல்லை. காய்ச்சுகிற நாளில் குடிப்பதே இல்லை. தெர்மாமீட்டரைப் படிக்க வேண்டுமே!

மலேசியாவில் இருக்கும் நீங்கள் இதை வீட்டில் காய்ச்ச முடியாது, காய்ச்சவும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்க எந்த உரிமமும் தேவையில்லை. கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைவிட்டு, நிழலில் நன்றாக உலர்த்திப் பொடித்துக்கொள்ளுங்கள். சாதாரண அரிசிமாவில் கெட்டியாக ஒரு கஞ்சி காய்ச்சி, கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி இல்லை, 65 டிகிரி அளவுக்கு ஆறியதும் இரண்டு கரண்டி முளைப்பொடியைப் போட்டுக் கிளறி, மூடி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு கரண்டி சுவைக்கச் சொல்லுங்கள். கெட்டிக் கஞ்சி கண்ணெதிரே நீர்த்து, சர்க்கரை போடாமலே இனிக்கத் தொடங்கும். பிறகு ஒரு கொதி விட்டு, கொஞ்சம் பால் ஊற்றி அப்படியே குடித்துவிடலாம். இந்தச் சனிக்கிழமையே செய்து பாருங்கள்.